டிசைன் பார்க்கப் போனால் டிசைன் மட்டும்

போனைத் தூக்கிப் போட்டுவிட்டால் நிம்மதி என்று சொல்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். எனக்கு அது சரிப்படாது. நீடாமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் தைக்க வருகிற பெண்கள் துணிப்பையைத் திறப்பதற்கு முன்பு போனைத்தான் திறக்கிறார்கள். "அக்கா, பின் கழுத்து இதே மாதிரி வேணும்" என்று இன்ஸ்டாகிராமில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுவார்கள். சிங்கப்பூரில் இருக்கிற பெண், ஊரில் இருக்கும் அம்மா மூலமாகத் துணியையும் அளவு ஜாக்கெட்டையும் கொடுத்தனுப்புவாள். கை எவ்வளவு நீளம், பைப்பிங் என்ன நிறம், முதுகில் நாட் வேண்டுமா என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசி முடித்துவிடுவோம். அவள் விமானம் ஏறும் முன்பே ஜாக்கெட் தயார். தைத்து முடித்ததை ஸ்டேட்டஸில் போட்டால் ஆலங்குடியிலிருந்தும் கொரடாச்சேரியிலிருந்தும் விசாரிப்பு வரும். ஆவணி, தை முகூர்த்த வேலையில் நல்ல பங்கு எனக்கு இந்த வழியாகத்தான் வருகிறது.

வீட்டுக்காரருக்கும் அப்படியே. பன்னிரண்டு மா நிலம். (இருபது மா ஒரு வேலி, ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட்.) ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்பதை வைத்துத்தான் எங்கள் பக்கம் குறுவை நெல் சாகுபடியே முடிவாகும். 2024-ல் அணையில் போதிய தண்ணீர் இல்லாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அந்த வாரங்கள் முழுக்க அவர் எழுந்ததும் பார்த்தது, 120 அடி அணையில் இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்பதைத்தான். ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போடும் பதிவைப் பார்க்காமல் உரம் போட மாட்டார். நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு வந்துவிட்டதா, நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதில் இந்த முறை தளர்வு உண்டா, எல்லாம் விவசாயிகளின் குழுவில்தான் முதலில் தெரியவரும்.

ஆக, எங்கள் வீட்டில் யாரும் இதை விட்டுவிட முடியாது. எடுத்த காரியம் முடிந்ததும் கீழே வைக்க முடிகிறதா, அது ஒன்றுதான் எனக்கு முக்கியம். போனில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு செயலியிலும் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று காட்டும். நல்ல வசதி. ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய மாட்டேன். ஒரு கல்யாணப் பெண்ணோடு ஒரு மணி நேரம் பேசி அவள் துணிக்குப் பொருத்தமான கழுத்தைக் கண்டுபிடிக்கிறேன். படுக்கப் போகும் நேரத்தில் கால் மணி நேரம் யாரோ இரண்டு பேர் போடும் சண்டையைப் பார்த்தால் அன்றைய தூக்கமே கெடும். இரண்டையும் ஒரே மாதிரி நிமிடமாக எண்ணுவதில் என்ன பயன்?

போட் நெக்கில் ஒரு டிசைன் தேடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது படத்திலேயே வேண்டியது கிடைத்துவிடும். ஐந்தாவதாக ஒரு வளைகாப்பு வீடியோ வரும். அப்புறம் மாமியார் மருமகள் சண்டை, அப்புறம் தங்கம் விலை, அப்புறம் முன்பின் தெரியாத ஒருவர் கேமராவைப் பார்த்து அழுவார். நாம் தேடிப் போனது ஒன்று. அதன் பிறகு வந்ததெல்லாம் நம்மைத் தேடி வந்தது. இதை மனசு உறுதியில்லாதவர்களின் பிரச்சினை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டே இருக்கும் அந்தப் பக்க அமைப்பை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்பவர். அது மனிதர்களின் நேரத்தை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்து, பிற்பாடு அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். 2009-ல் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது. 2020 ஜூன் கடைசியில் நம் நாட்டில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸைக் கொண்டுவந்துவிட்டது. இவற்றை நமக்கு இலவசமாகக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு வருமானம் விளம்பரத்தில். நாம் அதிக நேரம் உட்கார்ந்தால் அதிக விளம்பரம் காட்டலாம். பிறகு எப்படி "போதும், எழுந்து போ" என்று அதுவாகச் சொல்லும்?

வீட்டுக்காரர் இதை அவர் பாணியில் சொல்வார். மடையைத் திறந்து தண்ணீர் வைப்பதை மட்டும் தெரிந்துகொண்டு டெல்டாவில் விவசாயம் செய்ய முடியாது, வடிகால் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் மடையைத் திறக்க வேண்டும் என்பார். வடிகால் தூர்ந்துபோன வயலில் ஐப்பசி மழையும் நிற்கும், ஆற்றுத் தண்ணீரும் நிற்கும், சம்பாப் பயிர் அழுகிப்போகும். போனுக்கும் எழுந்து போகிற வழியை முதலிலேயே வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது இப்படித்தான்.

கடையில் நான் செய்துகொண்ட முதல் ஏற்பாடு ஒரு நோட்டு. நல்ல டிசைன் கிடைத்தால் ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் எடுத்து, நீளமான நோட்டில் ஒட்டிவிடுவேன். பானைக் கழுத்து, போட் நெக், பிரின்சஸ் கட், பஃப் கை என்று தனித்தனியாக. பக்கத்தில் அந்த மாதிரி தைத்த துணியில் மிஞ்சிய துண்டையும் ஒட்டுவேன். பட்டில் எப்படி விழும், காட்டனில் எப்படி நிற்கும் என்று தொட்டே பார்க்கலாம். இதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. போனில் பார்த்தால் ஒருத்திதான் பார்ப்பாள். நோட்டை விரித்தால் கல்யாணப் பெண், அவள் அம்மா, அத்தை என்று மூன்று தலையும் ஒன்றாகக் குனியும். "இவ்வளவு இறக்கம் வேண்டாம்டி" என்று அத்தை சொல்வார், "அத்தை, நீங்க சும்மா இருங்க" என்று அவள் சொல்வாள், கடையே கலகலவென்று இருக்கும். நோட்டில் இல்லாததைத் தேட வேண்டுமென்றால் மட்டும் போனை எடுப்பேன், அதுவும் வாடிக்கையாளர் பக்கத்தில் இருக்கும்போது. அவர் இருக்கிறபோது வளைகாப்பு வீடியோவுக்குப் போக முடியாது.

கடைக்கென்று தனி எண், வாட்ஸ்அப் பிசினஸில். இரவு எட்டு மணிக்குப் பிறகு வருகிற செய்திக்கு, காலையில் பார்த்துச் சொல்கிறேன் என்று தானாகவே ஒரு பதில் போகும்படி அதில் வைக்கலாம். அதனால் இதுவரை ஒரு ஆர்டரும் போனதில்லை. நீல டிக்கையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். "பார்த்துட்டு ஏன் பதில் போடல" என்கிற சொந்தக்காரர்களின் மனத்தாங்கல் நிறையக் குறைந்திருக்கிறது. காலையில் கடைக்குப் போகும்போது எங்கள் ஊர் ரயில்வே கேட் போட்டிருந்தால் எனக்கு வசதி. அங்கே நிற்க வேண்டிய நேரம் எவ்வளவு என்று இந்தப் பக்கம் வந்து போனவர்களுக்குத் தெரியும். ஸ்கூட்டியை அணைத்துவிட்டு, இரவில் வந்த செய்திகளுக்கெல்லாம் பதில் போட்டு முடிப்பேன். கேட் திறந்தால் போன் பைக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

படம் போடுவதிலும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டைப் பொம்மைக்குப் போட்டுத்தான் எடுப்பேன். போட்டிருக்கும் பெண்ணே விரும்பி அனுப்பினாலும் முகம் வராமல் முதுகுப் பக்கத்தை மட்டும், அதுவும் கேட்டுவிட்டுப் போடுவேன். ஒரு பெண்ணின் படம் எங்கெங்கே சுற்றும் என்பது நம் கையில் இல்லை.

என் தொழிலை ரீல்ஸ் பாதித்த ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும்.

ஆரி ஒர்க் தெரியும்தானே. துணியை ஃப்ரேமில் இழுத்துக் கட்டி, முனையில் கொக்கி உள்ள ஊசியை மேலிருந்து குத்தி, கீழே பிடித்திருக்கும் நூலை இழுத்து இழுத்துச் சங்கிலித் தையலாகப் போட வேண்டும். அதன் மேல் ஜர்தோசி, மணி, குந்தன் கல், சம்கி. கல்யாண ஜாக்கெட் ஒன்றுக்கு இரண்டு கையும் முதுகும் நிறைய வேலை என்றால் ஒருத்தி நாள் கணக்கில் குனிந்து உட்கார வேண்டும். கழுத்து வலிக்கும், கண் எரியும். ரீலில் இதே வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வேகமாக ஓட்டிக் காட்டுகிறார்கள், மேலே ஒரு பாட்டு. அதைப் பார்த்துவிட்டு வருகிற பெண், "இதுக்கு எதுக்குக்கா இவ்வளவு ரூபா? சட்டுன்னு முடிச்சிடறாங்களே" என்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் பார்த்ததில் உழைப்பின் நேரம் காணாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மாதிரி கேட்கிறவர்களை உள்ளே கூட்டிப்போய் ஃப்ரேம் பக்கத்தில் உட்கார வைப்பேன். ஒரு இதழ் போட்டு முடிகிற வரை பாருங்கள் என்பேன். சிலருக்கு ஊசியையே கொடுப்பேன். எழுந்திருக்கும்போது விலை பேச மாட்டார்கள்.

ஜாக்கெட்டுக்கு நடப்பது எல்லாவற்றுக்கும் நடக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்தவர் வீட்டுக் கல்யாணம், புதுவீடு, பிள்ளையின் மதிப்பெண் எல்லாம் இப்படி வேகமாக ஓட்டப்பட்டுத்தான் நம் கைக்கு வருகிறது. மண்டபம் தெரியும், அதற்கு வாங்கிய கடன் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு நம் வீட்டை நாம் பார்த்தால் எல்லாமே மந்தமாக நடப்பதுபோல் தோன்றும்.

அதே சமயம், என் கடையில் ஃப்ரேம் வேலை பார்க்கும் பெண் அந்தத் தொழிலைக் கற்றதே யூடியூபில்தான். கிராமத்துப் பெண், டவுனுக்கு வந்து பணம் கட்டி வகுப்பில் சேர வசதி இல்லை. போனை ஃப்ரேம் கட்டையில் சாய்த்து வைத்து, கொஞ்சம் பார்ப்பாள், நிறுத்துவாள், போடுவாள், சரியில்லை என்றால் பிரிப்பாள், திரும்பவும் ஓட்டுவாள். இன்று அவள் கை சுத்தம் எனக்கு வராது. அவளிடமும் எல்லோரிடமும் இருக்கிற அதே போன்தான். ஆனால் அவள் பார்த்த நேரத்தைவிடச் செய்த நேரம் பல மடங்கு. சமையலோ தையலோ ஆங்கிலமோ, யார் எதைக் கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னாலும் நான் இந்தக் கணக்கைத்தான் கேட்கிறேன்: பார்த்தபின் கை என்ன செய்தது?

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வீடியோ போட்டோம். வேகம் கூட்டாமல், பாட்டு போடாமல், ஒரே ஒரு பூ. ஊசி துணியில் இறங்கும் சத்தமும் வெளியே மழைச் சத்தமும் மட்டும். பெரிய கூட்டம் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு வந்தவர்கள், எத்தனை நாளில் முடியும் என்று முதலில் கேட்டார்கள். விலையை அதற்குப் பிறகுதான் கேட்டார்கள். இனிமேலும் அப்படித்தான் போடப்போகிறோம்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு அவள் தயாரித்ததிலிருந்துதான் எனக்குச் சில விவரங்கள் தெரிந்தன. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2023 மே மாதம் ஒரு அறிவுரை வெளியிட்டிருக்கிறார். ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவை வரும் வாய்ப்பு இரு மடங்கு என்கிறது அது. தனித்திருக்கும் பிள்ளைகளுக்குத் தோழமை கிடைப்பது போன்ற நன்மைகளும் உண்டு என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. "தடை போட்டா எப்பம்மா கத்துக்கிறது?" என்று மகள் கேட்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்குத் தடை இருக்கட்டும் என்பது என் கட்சி. பத்தாவது தாண்டிய பிள்ளைக்கோ, பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும்.

ஒரு நாள் அவள் தோழிகள் எல்லாரும் ஆலங்குடி கோயிலுக்குப் போன படம் ஸ்டோரியில் வந்தது. இவளைக் கூப்பிடவில்லை. சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. விட்டுவிட்டுப் போவது எங்கள் காலத்திலும் நடந்ததுதான். ஆனால் அது எங்கள் காதுக்கு வருவதற்குள் இரண்டு நாள் ஆறிப்போயிருக்கும். இவளுக்கோ அவர்கள் பிரசாதம் சாப்பிடுவது வரை உடனுக்குடன் தெரிகிறது. அந்தப் பெண்களில் ஒருத்திக்கு நேராக போன் போட்டுப் பேசு என்றேன். டியூஷன் முடிந்து அப்படியே கிளம்பியிருக்கிறார்கள்; இவள் அன்று டியூஷனுக்கே போகவில்லை. விஷயம் அவ்வளவுதான். ஸ்டோரியை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் அந்தத் தகவல் அதில் கிடைத்திருக்காது.

இன்ஸ்டாகிராம் 2024-ல் பிள்ளைகளுக்கென்று டீன் அக்கவுண்ட் கொண்டுவந்தது. ஒரு மணி நேரம் ஆனதும் நினைவூட்டும், இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் சத்தம் போடாது. நல்லதுதான். ஆனாலும் எனக்கு அதைவிட நம்பிக்கை எங்கள் கூடத்து ஸ்விட்ச் போர்டு மேல். அரிசி டிரம் பக்கத்தில் எல்லோருடைய போனும் அங்கேதான் இரவு சார்ஜ் ஏறும். மகளுக்கு மட்டும் என்று விதி வைத்திருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. நானும் அவள் அப்பாவும் முதலில் வைத்தோம், பிறகு அவள் வைத்தாள். காலையில் எழுப்ப மன்னார்குடியில் ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். அவளும் என்னிடம் ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறாள்: அவள் படத்தை என் ஸ்டேட்டஸில் போடும் முன்பு அவளைக் கேட்க வேண்டும். நியாயமான கேட்பு.

என் மாமியார், அத்தைக்கு மட்டும் விலக்கு. என் சின்னக் கொழுந்தனார் குவைத்தில் இருக்கிறார், வேலை முடிந்து அவர் வீடியோ காலில் வரும்போது இங்கே இரவு ஆகிவிடும். அந்த முகத்தைப் பார்க்காமல் அத்தை படுக்க மாட்டார். அத்தைக்கு வரும் சர்க்கரை நோய் வைத்தியச் செய்திகள்தான் கவலை. மாத்திரையை நிறுத்தச் சொல்லிக்கூட வரும். ஒரு செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும்படி வாட்ஸ்அப் வைத்திருக்கிறது. இதை மகள்தான் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ரெண்டு அம்பு இருக்கு, நர்சம்மாகிட்ட கேட்டுட்டுத்தான்" என்கிறார்.

கடைக்கு வரும் ஒருவர், தன் மகன் விடிய விடிய போனோடு இருக்கிறான், பள்ளிக்கூடம் போவதில்லை என்று அழுதார். பிடுங்கினால் சுவரில் முட்டிக்கொள்கிறானாம். அது வீட்டு விதியால் தீருகிற விஷயம் இல்லை. டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண் 14416-ஐக் கொடுத்தேன். அரசு நடத்துவது, காசு கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014-லிருந்தே இந்த மாதிரிப் பழக்கத்துக்கென்று தனிக் கிளினிக் இருக்கிறது என்றால், இது எத்தனை குடும்பத்தின் கஷ்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

போனின் அருமையை இந்தப் பக்கத்து மக்கள் கஜா புயலில் பார்த்துவிட்டோம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல், மரத்தையும் மின்கம்பத்தையும் சாய்த்துவிட்டு, பல நாள் கரண்ட் இல்லாமல் போட்டது. ஜெனரேட்டர் இருந்த இடத்தில் போனுக்கு சார்ஜ் போட வரிசை. பத்துப் பதினைந்து சதவீதம் ஏறியதும் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். அந்தச் சார்ஜை யாரும் வேடிக்கை பார்க்கச் செலவழிக்கவில்லை. எந்த ஊருக்குள் இன்னும் தண்ணீர் லாரி போகவில்லை, எங்கே தார்ப்பாய் வேண்டும், எந்த ரோட்டில் மரம் கிடக்கிறது என்று எழுதினார்கள், வெளியூரில் இருந்தவர்கள் அதைப் பார்த்து வண்டி அனுப்பினார்கள். அடுத்த புயல் வருகிறது என்ற பொய் வாய்ஸ் நோட்டும் அதே வழியாகத்தான் வந்து, ஓடு போன வீட்டில் இருந்தவர்களை இன்னும் பயமுறுத்தியது.

எங்கள் மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் இதையெல்லாம் பேசித்தான் போன மாதம் ஒரு ஏற்பாடு செய்தோம். கூட்டத் தேதி, தவணை, யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அது. வேறு எதுவும் குழுவில் போடுவதில்லை. காலை வணக்கப் படம் போடுகிற அக்காவுக்கு வருத்தம்தான். அவர் அதை இப்போது வேண்டியவர்களுக்குத் தனித்தனியாக அனுப்புகிறார், எனக்கும் வருகிறது, பதிலும் போடுகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல் யாரும் எதுவும் போடக் கூடாது என்றும் முடிவாகியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்துக்கு மட்டும் அந்த விதி கிடையாது. வெண்ணாற்றிலும் கோரையாற்றிலும் கரை தொட்டுத் தண்ணீர் போகும்போது எந்த இடத்தில் உடைப்பு என்று நடுராத்திரியில் ஒரு வரி வந்தாலும் எல்லாரும் பார்த்தாக வேண்டும். அந்த இரண்டு மாதமும் வீட்டுக்காரரின் போன் கூடத்துக்குப் போகாது, தலைமாட்டிலேயே சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்திருப்பார்.